வெள்ளிப்பூண் தடியும் மோடித் தாளும்



சொந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் குடியேறியவர்களின் வீடுகளில் பழைய பெட்டி ஒன்று இருப்பதைப் பெரும்பாலும் காணலாம். ஒரு வெற்றிலைச் செல்லம், ஓர் ஓலைக்கட்டு, துருவேறிய குறுவாள், ஒருவருக்கும் படிக்கத் தெரியாத ஒரு தாள் ஆகிய இவற்றுள் ஏதேனும் ஒன்று அதற்குள் இருக்கும். அப்பொருளோடு ஒரு கதையும் இருக்கும். நம் முன்னோர் இன்ன அரசரின் தளவாய் என்றோ, நாம் இன்ன பாளையக்காரரின் இளைய தாரத்து வழியினர் என்றோ அக்கதை கூறும். ஊரில் இருந்தவரையில் அக்கதைக்கு அவ்வளவு வேலையில்லை. ஊராருக்கு நம்மைத் தெரியும். நம்மை அறியாத ஊரில் வாடகை வீட்டில் குடியிருக்கும்போதுதான் அக்கதை நமக்கு மிகவும் வேண்டியதாகி விடுகிறது.

நான் புணே நகரில் கேம்ப் என்று வழங்கும் பகுதியில் வசிப்பவன்; மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணி செய்பவன். கேம்ப் என்பது பெயருக்கேற்பப் படை தங்கிய இடந்தான். 1803-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், பேஷ்வா இரண்டாம் பாஜிராவைப் பதவியில் மீண்டும் அமர்த்துவதற்காக ஆர்தர் வெல்லெஸ்லி இந்நகருக்கு வந்தார். அவருடன் வந்த படையில் சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள் இருந்தனர். 1817 நவம்பரில் கட்கிப் போர் நிகழ்ந்த பின் கும்பினியார் இங்கே நிலையான தண்டு அமைத்தனர். தண்டு இருக்குமிடத்தில் கணக்கர் வேண்டும். தானியம் அளப்பவர், துணி தைப்பவர், சமையல் செய்பவர் வேண்டும். 1895-இல் மூன்று மாகாணப் படைகளும் ஒன்றாக இணைக்கப்பட்டபின் தென்னாட்டார் வரவு மேலும் எளிதாயிற்று. இன்று மகாத்மா காந்தி சாலையிலும் சோலாப்பூர் பஜாரிலும் நடப்பவர் காதில், மராத்திக்கும் இந்திக்கும் இடையே தமிழ்ச்சொல் ஒன்றிரண்டு விழாமற் போவதில்லை.

அவ்வாறு வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. என் பாட்டனாரின் தந்தை தஞ்சையிலிருந்து வந்து, படையின் உணவு வழங்கும் பிரிவில் குமாஸ்தாவாக அமர்ந்தார். அவர் கொண்டுவந்த பெட்டியில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, ஏறத்தாழ ஓர் ஆள் உயரமுள்ள கருமரத் தடி. அதன் தலையிலும் நடுவிலும் வெள்ளிப்பூண் போடப்பட்டிருக்கும். மற்றொன்று, நான்காக மடித்த தடித்த தாள். அதில் வரிக்கு மேலே ஒரே கோடாக இழுத்து, எழுத்தோடு எழுத்துப் பின்னி ஏதோ எழுதியிருக்கும். தடி செங்கோல் என்பதும், தாள் அரசர் அளித்த சனது என்பதும், நாங்கள் தஞ்சை அரண்மனைப் போன்சலே மரபைச் சேர்ந்தவர்கள் என்பதும் எங்கள் வீட்டார் நம்பிக்கை. ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று தடிக்குச் சந்தனம் இட்டுச் சரசுவதி படத்தின் பக்கத்தில் சாத்தி வைப்பார்கள்.

இந்நம்பிக்கை வெறும் அலங்காரமாக மட்டும் இருந்திருக்குமானால் நான் இதைப்பற்றி இங்குப் பேச வந்திருக்கமாட்டேன். என் தந்தையாரின் தமக்கை, அதாவது என் அத்தை, எங்களுடனேயே இருக்கிறார். இப்போது எண்பது வயதை ஒட்டியவர், மணம் செய்துகொள்ளாதவர். 1960களில் அவருக்கு ஒரு வரன் வந்தது. கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளைஞர்; நல்ல குணம், நிலையான சம்பளம். ஆனால் அவர் தந்தை ஊரில் நீதிமன்றத்தில் டவாலி அணிந்த சேவகர். “அரச குடும்பத்துப் பெண்ணைச் சேவகர் வீட்டிற்கா கொடுப்பது?” என்று என் பாட்டனார் மறுத்துவிட்டார். அதன்பின் வந்த வரன்களும் ஏதேனும் ஒரு காரணத்தால் தட்டிப்போயின. அத்தை இதைப்பற்றி ஒருநாளும் குறை கூறியதில்லை. கூறாமையினாலேயே அது எங்கள் வீட்டில் எப்போதும் இருந்து வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் உறவில் ஒரு திருமண அழைப்பிதழில் 'தஞ்சை அரச வம்சத்து' என்னும் அடைமொழியை அச்சிடலாம் என்று பேச்சு வந்தது. நாள்தோறும் பிறர் எழுதியதைச் சொல்லுக்குச் சொல் பிசகாமல் மொழிபெயர்ப்பதே என் தொழில். என் வீட்டுத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அறியாமல் அதற்குப் பொருள் கூறிக்கொண்டிருப்பது எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று தொடங்கிற்று என் தேடல்.

நேயர்களே, குடிவழி தேடுவோர் முதலில் செய்யவேண்டியது, தம்மிடமிருந்து பின்னோக்கிப் படிப்படியாகச் செல்லுதல். புகழ்பெற்ற ஓர் அரசரிடமிருந்து தொடங்கித் தம்மிடம் இறங்கி வருதல் கூடாது. பத்துத் தலைமுறை பின்னே சென்றால் ஒருவருக்கு அத்தலைமுறையில் மட்டும் 1,024 முன்னோருக்கு இடமுண்டு. அவர்களுள் ஒருவர் எங்கேனும் ஓர் அரண்மனையை ஒட்டி வாழ்ந்திருத்தல் வியப்பன்று. ஆனால் இன்னார் மகன் இன்னார் என்னும் ஒவ்வொரு கண்ணிக்கும் சான்று வேண்டும். ஒரு கண்ணி அறுந்தாலும் மேலே உள்ள சங்கிலி நம்முடையது ஆகாது.

உண்மையான சமீன்களுக்கே இந்தச் சோதனையிலிருந்து விலக்கு இருந்ததில்லை. சிவகங்கைச் சமீனை 1801-இல் பெற்ற கௌரி வல்லப உடையத் தேவர் 1829-இல் காலமானார். அவருடைய தமையனாரின் வழியினர் ஒரு புறமும், மகள் காத்தம நாச்சியார் மறுபுறமுமாக வழக்கு மூண்டது. குடும்பம் பிரிந்ததா, பிரியாததா, சொத்து பரம்பரையாக வந்ததா, தாமே ஈட்டியதா என்பவற்றையெல்லாம் மன்றங்கள் மாறி மாறி ஆராய்ந்தன. 1863-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் நாச்சியாருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஊரறிந்த மரபினருக்கே முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்ததென்றால், நாம் ஒரு பெட்டியைத் திறந்தவுடன் முடிவு கட்டிவிடலாமா?

இரண்டாவதாக, பொருள் செல்லும் வழி வேறு, மரபு செல்லும் வழி வேறு என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் 1815-இல் சிறைப்பட்டு வேலூருக்கு அனுப்பப்பட்டார். 1832-இல் அங்கேயே மறைந்தார். அவருடைய அரியணையும் முடியும் இங்கிலாந்து சென்று, 1934-இல் இலங்கைக்குத் திரும்பின. அரியணை கடல் கடந்து கொண்டிருக்க, உறவினர் வழியினர் தமிழ்நாட்டில் எளிய வாழ்க்கை வாழ்ந்தனர். அரச மரபினரின் வீட்டில் அரச பொருள் இல்லாமலிருக்கலாம். அரச பொருள் இருக்கும் வீடு அரச மரபாக இல்லாமலுமிருக்கலாம். பரிசாக வந்திருக்கலாம், அடகாக வந்திருக்கலாம், ஏலத்தில் எடுத்ததாக இருக்கலாம்.

மூன்றாவதாக, பட்டப்பெயர்களைக் கண்டு மயங்கலாகாது. சுபேதார் என்னும் சொல் மொகலாயர் காலத்தில் ஒரு மாகாணத்தை ஆள்பவரைக் குறித்தது. கும்பினிப் படையிலோ ஒரு கம்பெனியில் பணியாற்றும் இந்திய அதிகாரியைக் குறித்தது. நாயக் என்பது மதுரையிலும் தஞ்சையிலும் ஆண்டவர் பெயரோடு சேர்ந்த சொல். படையில் அது சிப்பாய்க்குச் சற்று மேற்பட்ட ஒரு பதவி. கேம்ப், கட்கி, கோர்ப்படி வாழ் தமிழர் வீடுகளில் இத்தகைய சொற்கள் எழுதிய காகிதங்கள் பல உண்டு. அவற்றைப் படிக்கும்போது ஆண்டையும் அலுவலகத்தையும் முதலில் பார்க்கவேண்டும்.

எங்கள் தாளுக்கு வருகிறேன். அதன் எழுத்து மோடி என்பது. மராத்தி மொழியை விரைந்து எழுதுவதற்கு வழங்கிய எழுத்து அது. எழுதுகோலை அதிகம் தூக்காமல் ஓட்டமாக எழுதுவர். இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரையில் மகாராட்டிரத்தில் கணக்கிலும் கடிதத்திலும் அது புழங்கியது. தஞ்சைத் தாளைத் தஞ்சையில் படிக்க ஆள் தேடுவதைவிடப் புணேயில் தேடுவது எளிது என்பது எனக்கு அப்போதுதான் தோன்றிற்று. இதில் ஒரு பொருத்தமும் உண்டு. புணேயை ஜாகீராகப் பெற்றிருந்த சாஹாஜியின் ஒரு மகன் சிவாஜி. மற்றொரு மகன் ஏகோஜி. அந்த ஏகோஜியே 1676-ஆம் ஆண்டளவில் தஞ்சையில் மராத்திய ஆட்சியை நிறுவினார். எங்கள் தாள், தன் எழுத்துப் பிறந்த நாட்டிற்கே திரும்பி வந்து, படிப்பாரின்றி நூறாண்டுக்கு மேல் மடிந்து கிடந்திருக்கிறது!

புணே ஆவணக் காப்பகத்தில் பேஷ்வா தப்தர் எனப்படும் மோடிக் காகிதங்கள் கோடிக்கணக்கில் உள்ளன. அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்தவற்றை வரலாற்றறிஞர் ஜி. எஸ். சர்தேசாய் 1930களின் முற்பகுதியில் 45 தொகுதிகளாகப் பதிப்பித்தார். 1910-இல் இராஜவாடே முதலியோர் நிறுவிய பாரத இதிகாச சம்சோதக மண்டலும் இந்நகரில் உள்ளது. ஆதலால் மோடி படிக்கத் தெரிந்த முதியோர் இங்கே இன்றும் கிடைப்பர். ஓய்வு பெற்ற மராத்திப் பள்ளி ஆசிரியர் ஒருவர் எங்கள் தாளை இரண்டு மாலைப் பொழுதுகள் வைத்துக்கொண்டு, மூன்றாம் நாள் தேவநாகரியில் எழுதிக் கொடுத்தார்.

அதன் சாரம் இது. சர்க்கார் அரண்மனைச் சோப்தாரான இன்னாருக்குப் பசலி 1232-ஆம் ஆண்டுக்குரிய சம்பளமும் நெல்லும், ஒரு சோடி வேட்டியும் வழங்கவேண்டியது. வெள்ளிப்பூண் கட்டிய தடி ஒன்று இவர் வசம் இருக்கிறது. அது சர்க்கார் உடைமை. பணி நீங்கும்போது திருப்பிக் கொடுக்கவேண்டியது.

பாரசீக மொழியில் சோப் என்றால் கோல். சோப்தார் என்றால் கோலேந்தி. அரசர் வரும்போது முன்னே நடந்து, கட்டியம் கூறி வழி விலக்குபவர் அவர். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகளுக்கு முன்னே வெள்ளிக் கோல் ஏந்திச் செல்லும் சேவகருக்கும் இப்பெயரே வழங்கி வந்தது. எங்கள் செங்கோல், சேவகர் பிடித்த கோல்!

தாளிலிருந்த பெயர், புணேக்கு வந்த என் முப்பாட்டனாரின் பெயராகவே இருந்தது. ஆகவே அவரே அரண்மனையில் இருந்தவர் என்று வீட்டார் கொண்டிருந்தனர். இங்கேதான் ஆண்டுக் கணக்கு உதவிற்று. தென்னாட்டுப் பசலி ஆண்டோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1232 என்பது 1822-23; இரண்டாம் சரபோஜி மன்னரின் காலம். முப்பாட்டனாரின் பணிப்பதிவிலோ அவர் பிறந்தது 1860களில் என்றிருந்தது. ஆகவே தாளில் உள்ளவர் வேறொருவர் ஆதல் வேண்டும்.

விடை என் பாட்டனாரின் குறிப்பேட்டில் இருந்தது. அமாவாசைத் தர்ப்பணத்திற்காகத் தந்தை, பாட்டன், முப்பாட்டன் என மூன்று பெயர்களை அவர் எழுதி வைத்திருந்தார். முதற்பெயரும் மூன்றாம் பெயரும் ஒன்றே. பாட்டன் பெயரைச் சூடுபவன் ஆதலின்தான் தமிழில் அவனைப் பெயரன் என்கிறோம். இவ்வழக்கம் குடிவழி தேடுவோருக்குப் பெருந்துணை; கவனமில்லாதோர்க்கு அதுவே பெரும்பொறி. ஒரே பெயருடைய இருவரை ஒருவராக்கினால் இரண்டு தலைமுறை மறைந்துவிடும்.

சோப்தாருக்கும் பெயரனுக்கும் இடையே நின்ற மகனின் காலத்தில் என்ன நேர்ந்தது என்பதை வரலாறு கூறுகிறது. இரண்டாம் சிவாஜி மன்னர் 1855 அக்டோபரில் ஆண் மகவின்றிக் காலமானார். கும்பினியார் அவ்வரசை முடிவுற்றதாகக் கொண்டு, அரண்மனைச் சொத்தையும் கைப்பற்றினர். மூத்த அரசியார் காமாட்சி பாயி சாகேபா வழக்குத் தொடுத்துச் சென்னையில் வென்றார். ஆயினும், இஃது அரசின் செயல், மன்றம் இதில் தலையிட இயலாது என்று 1859-இல் பிரிவி கவுன்சில் கூறிவிட்டது. பின்னர் 1862-இல் அரசாங்கம் தானாகவே தனிச்சொத்தை விடுவித்தது. அரசியாருக்கு வழக்காட வழியிருந்தது. கட்டியம் கூறுவோருக்கு அதுவும் இல்லை. கோலைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்று தாள் சொல்கிறது. வாங்கிக்கொள்ள வேண்டிய சர்க்காரே மறைந்துவிட்டது. அப்படித்தான் கோல் எங்கள் வீட்டில் தங்கியிருக்க வேண்டும் என்று நான் ஊகிக்கிறேன். இந்த ஓரிடத்தில் மட்டும் எனக்குச் சான்று இல்லை. ஊகத்தை ஊகம் என்றே கூறுகிறேன்.

பிறகு இதை அத்தையிடம் கூறவேண்டியிருந்தது. பல நாள் தயங்கினேன். என் தந்தையாரோ, “எண்பது வயதில் அக்காவுக்கு இது எதற்கு?” என்றார். ஆயினும் அந்தக் கதைக்காக எங்கள் வீட்டில் விலை கொடுத்தவர் அவர் ஒருவரே. உண்மையை அறியும் உரிமையும் முதலில் அவருக்கே உரியது என்று எனக்குப் பட்டது. ஒரு மாலையில் தாளையும் தமிழாக்கத்தையும் அவர் முன் வைத்துப் படித்துக் காட்டினேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “நெல்லும் கொடுத்து, வேட்டியும் கொடுத்திருக்கிறார்களா? நல்ல வேலைதான், அப்பா,” என்றார். சற்றுப் பொறுத்து வேறொன்று கூறினார். “என் பாட்டி எப்போதும், ராஜாவுக்கு முன்னே போனவர் நம் தாத்தா என்றுதான் சொல்லுவாள். உன் பாட்டனார்தான் ராஜாவுக்கு முன்னவர் என்று ஆக்கிவிட்டார்.”

நேயர்களே, முன்னே போனவர் என்றால் வழிகாட்டி நடந்தவர். முன்னவர் என்றால் தமையனார். கிழவி உண்மையைத்தான் கூறியிருக்கிறாள். நூறாண்டுக்கு மேல் வாய்வழியாக வந்தும் அச்சொல் சிதையவில்லை. கேட்டவர்தாம் தமக்கு வேண்டிய பொருளை அதில் ஏற்றிக்கொண்டனர். ஆகையால் வீட்டு முதியோர் கூறுவதைப் பொய்யென்று தள்ளிவிடாதீர்கள். அவர்கள் சொன்ன சொல்லை, சொன்னபடியே, அன்றே எழுதி வையுங்கள். பொருள் காண்பது பிறகு.

உங்களுள் பலருக்கு இத்தகைய தேடலில் ஆர்வம் இருக்கலாம். அவர்களுக்காகச் சில குறிப்புகள். உங்கள் குடும்பத்திற்கு ஒரு காலத்தில் மானிய நிலம் இருந்ததென்று சொல்வார்களானால், 1858-இல் ஏற்பட்ட இனாம் கமிஷனின் பதிவேடுகளைப் பார்க்கலாம். யார், யாருக்கு, எதற்காக நிலம் அளித்தனர் என்பதை ஊர்வாரியாக அவற்றில் காணலாம். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இத்தகைய பதிவேடுகளின் இருப்பிடம். பாளையக்காரர் மரபு என்று கேள்விப்பட்டவர்கள், காலின் மெக்கன்சி என்னும் நில அளவை அதிகாரி திரட்டிய கைபீதுகளையும் வம்சாவளிகளையும் சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் தேடலாம். அவர் 1821-இல் மறைந்தவர். அதற்கு முன்னிருந்த வாய்மொழிகள் அவற்றில் உள்ளன. தஞ்சை அரண்மனை பற்றியதானால் சரசுவதி மகாலின் மோடிக் கட்டுகள் உண்டு. அவற்றுள் ஒரு பகுதி தமிழாக்கமாகத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தால் வெளியிடப்பட்டிருக்கிறது. பெரிய கோயிலில் 1803-இல் மராத்தியில் பொறித்த போன்சலே குல வரலாற்றையும் காணலாம். கிறித்தவ அன்பர்களுக்குத் திருச்சபையின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளே மிகச் சிறந்த சான்று. மகாராட்டிரத்தில் இருப்போர் திரியம்பகேசுவரம் செல்லும்போது, அங்குள்ள தீர்த்தப் புரோகிதர்களின் ஏடுகளில் தம் முன்னோர் எவரேனும் கையொப்பம் இட்டிருக்கிறாரா என்று விசாரித்துப் பார்க்கலாம். பணம் பெற்றுக்கொண்டு குலவரலாறு எழுதித் தருவோரிடம் மட்டும் போகாதீர்கள். அவர்கள் தருவது நீங்கள் கேட்டதாக இருக்கும், உங்களுடையதாக இராது.

அழைப்பிதழில் அந்த அடைமொழி இடம்பெறவில்லை. அவ்வாண்டு ஆயுத பூசை வந்தபோது, தடியை வெளியே எடுக்கலாமா என்று என் தந்தையார் தயங்கினார். அத்தைதான் எழுந்து சென்று அதைக் கொண்டுவந்தார். ஈரத்துணியால் துடைத்து, வெள்ளிப்பூணுக்குத் திருநீறு போட்டு விளக்கி, சந்தனம் இட்டார். “ஆயுதம் என்றால் வேலை செய்கிற கருவிதானே? இத்தனை நாள் இதைச் செங்கோல் என்று வைத்தோம். அதற்கு ஆயுத பூசையில் என்ன இடம்? இப்போதுதான் சரியான இடத்தில் இருக்கிறது,” என்றார்.

அந்தத் தடிக்குப் பக்கத்தில், என் அலுவலக அகராதியையும் அவரே எடுத்து வைத்தார்.